மாட்டு வண்டியில் வந்த சண்டை விமானம்

1939-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந்தேதி. இரவு நேரம்.

ஜப்பான் நாட்டில் உள்ள நகோயா நகரம். அங்கே மிட்சுபிஷி கம்பெனியின் விமானத் தொழிற்சாலை இருந்தது. அதன் வாசலில் இருந்து இரண்டு மாட்டு வண்டிகள் வெளியே வந்தன. வண்டியில் இருந்த சரக்கைத் துணி போட்டு மூடி இருந்தார்கள்.

ஒரு வண்டியில் இரண்டு இறக்கைகளும், என்ஜினும், விமானத்தின் முன்பாதியும் இருந்தன. இன்னொரு வண்டியில் பின்பாதியும் வாலும் இருந்தன.

மாடுகள் ஆடி அசைந்து நடந்தன. வண்டிக்காரர்கள் பள்ளம் மேடு பார்த்து, மெல்ல மெல்ல ஓட்டிச் சென்றார்கள்.

உலகத்தையே நடுங்க வைத்த "ஜீரோ" சண்டை விமானம், தன் முதல் பயணத்தை இப்படித்தான் தொடங்கியது!

ஏன் மாட்டு வண்டி?

நகோயா தொழிற்சாலைக்குச் சொந்தமாக விமான நிலையம் கிடையாது. ககாமிகஹாரா என்ற ஊரில் ராணுவத்தின் விமானத் திடல் இருந்தது. தொழிற்சாலைக்கும் அதற்கும் 48 கிலோமீட்டர் தூரம்.

பாதையோ குண்டும் குழியுமானது. ஊருக்குள் குறுகலான தெருக்கள். லாரியில் ஏற்றினால், குலுங்குகிற குலுக்கலில் மெல்லிய அலுமினியத் தகடு நசுங்கிவிடும். குதிரை வண்டி என்றால், குதிரை மிரண்டு ஓடினால் போச்சு! மாடுதான் நிதானமாக நடக்கும். ஆகவே மாட்டு வண்டி.

மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்க வேண்டிய விமானம், 48 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆயிற்று.

இது ஏதோ முதல் விமானத்துக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். பின்னால் நூற்றுக்கணக்கில் விமானம் செய்தபோதும் இதே மாட்டு வண்டிகள்தான். இந்தக் கதை கடைசியில் ஜப்பானுக்கு எவ்வளவு பெரிய தொல்லை ஆயிற்று என்பதைப் பிறகு பார்ப்போம்.

கடற்படை கேட்டது என்ன?

1937-ம் ஆண்டு. ஜப்பான் சீனாவின் மீது படை எடுத்திருந்த நேரம். அந்த ஆண்டு அக்டோபர் மாதம், ஜப்பான் கடற்படை இரண்டு கம்பெனிகளுக்கு ஒரு பட்டியல் அனுப்பியது. ஒன்று மிட்சுபிஷி. மற்றொன்று நகாஜிமா.

"புதிதாக ஒரு சண்டை விமானம் வேண்டும். அது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் போகவேண்டும். 3,000 மீட்டர் உயரத்துக்கு மூன்றரை நிமிடத்தில் ஏறவேண்டும். கூடுதல் பெட்ரோல் தொட்டியுடன் 6 மணி முதல் 8 மணி நேரம் வரை வானத்தில் இருக்கவேண்டும். இரண்டு பீரங்கிகளும் இரண்டு எந்திரத் துப்பாக்கிகளும் சுமக்கவேண்டும். விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில், எதிர்க்காற்று அடிக்கும்போது, 70 மீட்டருக்குள் ஓடிக் கிளம்பவேண்டும். இத்தனையும் செய்துவிட்டு, பழைய விமானத்தைப் போலவே வளைந்து நெளிந்து சண்டையும் போடவேண்டும்!"

இதுதான் பட்டியலின் சாரம்.

ஒரு காளையைக் காட்டி, "இது 20 மூட்டை இழுக்கவேண்டும், ரேக்ளா பந்தயத்திலும் முதலில் வரவேண்டும், தீனியும் குறைவாகத் தின்னவேண்டும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

நெடுந்தூரம் பறக்க நிறையப் பெட்ரோல் வேண்டும். பெட்ரோல் ஏற்றினால் எடை கூடும். எடை கூடினால் ஏறும் வேகம் குறையும்; சட்டென்று திரும்பவும் முடியாது. பெரிய என்ஜின் வைத்தால் சரியாகும். ஆனால் அன்று ஜப்பானியரிடம் இருந்த, பொருத்தமான சிறிய என்ஜின்களுக்கு 1,000 குதிரை சக்தி கூடக் கிடையாது.

"இது நடக்காத காரியம்" என்று நகாஜிமா கம்பெனி விலகிக் கொண்டது.

மிட்சுபிஷி மட்டும் மிஞ்சியது.

34 வயது என்ஜினீயர்

மிட்சுபிஷியில் இந்த வேலையை ஏற்றவர் ஜிரோ ஹொரிகோஷி. அவருக்கு அப்போது வயது 34. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் விமானப் படிப்புப் படித்தவர். கடற்படையின் "96-ம் ரகம்" என்ற சண்டை விமானத்தை அதற்கு முன்பே வடிவமைத்துப் பெயர் வாங்கியவர்.

அவரும் பட்டியலைப் பார்த்து மலைத்துப் போனார். 1938-ம் ஆண்டு நடந்த கூட்டத்தில் கடற்படை அதிகாரிகளிடம் கேட்டார். "எல்லாம் ஒரே விமானத்தில் வராது. வேகம், தூரம், வளைந்து திரும்பும் திறமை - இந்த மூன்றில் எது முக்கியம்? சொல்லுங்கள்" என்பது அவர் கேள்வி.

அதிகாரிகளுக்குள்ளேயே தகராறு வந்துவிட்டது!

மினோரு கெண்டா என்ற அதிகாரி, "சண்டையில் திரும்புகிற திறமைதான் முக்கியம்" என்றார். டாகேயோ ஷிபாட்டா என்ற அதிகாரி, "இல்லை. வேகமும் தூரமும்தான் முக்கியம். திரும்புவதைப் பயிற்சியால் சரிக்கட்டலாம்" என்றார். இரண்டு பேரும் விமானிகள். இரண்டு பேரும் விட்டுக் கொடுக்கவில்லை.

கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. ஹொரிகோஷி கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. எல்லாவற்றையுமே செய்துவிடுவது என்று அவர் தீர்மானித்தார்.

கிராம் கிராமாக...

என்ஜின் சக்தியைக் கூட்ட முடியாது. அப்படியானால் ஒரே வழிதான் உண்டு. எடையைக் குறைக்கவேண்டும்.

விமானத்தின் மொத்த எடையில் லட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்ப்பது என்று ஹொரிகோஷி தன் ஆட்களுக்குச் சொன்னார். அதாவது 20, 25 கிராம் கூட வீணாகக் கூடாது. ஒரு பிடி அரிசியின் எடைதான்!

சட்டங்களில் வலிமை தேவைப்படாத இடங்களில் எல்லாம் வட்ட வட்டமாகத் துளை போட்டார்கள். இறக்கையைத் தாங்கும் முக்கியமான சட்டத்துக்கு, சுமிட்டோமோ கம்பெனி அப்போது புதிதாகக் கண்டுபிடித்திருந்த அலுமினியக் கலவையைப் பயன்படுத்தினார்கள். அது பழைய உலோகத்தை விட வலுவானது. ஆகவே சட்டத்தை மெல்லியதாகச் செய்யலாம்.

மற்ற விமானங்களில் இறக்கையைத் தனியாகச் செய்து, உடம்போடு போல்ட்டு போட்டு முடுக்குவார்கள். அந்தப் போல்ட்டும் பட்டையும் கனமானவை. ஹொரிகோஷி இரண்டு இறக்கைகளையும் நடு உடம்பையும் ஒன்றாகவே கட்டினார். பின்பாதியை மட்டும் கழற்றும்படி வைத்தார். மாட்டு வண்டிகள் இரண்டாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

காற்று தடைப்படக் கூடாது என்பதற்காக, ரிவெட்டு ஆணிகளின் தலை தகட்டுக்கு வெளியே தெரியாதபடி அடித்தார்கள். சக்கரங்கள் இறக்கைக்குள் மடங்கும்படி செய்தார்கள்.

எல்லாம் சேர்ந்து, பெட்ரோலும் ஆளும் குண்டும் இல்லாத வெறும் விமானத்தின் எடை சுமார் 1,700 கிலோதான். பிற்காலத்தில் இதோடு மோதிய அமெரிக்க "ஹெல்கேட்" விமானத்தின் எடை 4,000 கிலோவுக்கு மேல்!

எடையைக் குறைத்ததில் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டியது. விமானியின் முதுகுக்குப் பின்னால் குண்டு துளைக்காத இரும்புத் தகடு கிடையாது. குண்டு பட்டால் ஓட்டையைத் தானாக அடைத்துக் கொள்ளும் ரப்பர் பெட்ரோல் தொட்டியும் கிடையாது. கடற்படை அனுப்பிய அவ்வளவு நீளமான பட்டியலில், இந்த இரண்டையும் யாரும் கேட்கவில்லை.

முதல் பறப்பு

1939 ஏப்ரல் 1-ந்தேதி, ககாமிகஹாரா திடலில் சோதனை விமானி கட்சுசோ ஷிமா விமானத்தை ஓட்டினார். அது அழகாகக் கிளம்பியது. ஆனால் மேலே போனதும் விமானம் அதிர்ந்தது. முன்னால் சுழலும் விசிறிக்கு இரண்டு இதழ்கள் இருந்தன. அதை எடுத்துவிட்டு மூன்று இதழ் விசிறி மாட்டினார்கள். அதிர்ச்சி குறைந்தது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மெதுவாகப் பறக்கும்போது விமானி கட்டுப்பாட்டுக் கம்பியை நிறைய அசைக்க வேண்டி இருந்தது. வேகமாகப் பறக்கும்போதோ கொஞ்சம் அசைத்தாலே விமானம் குதித்தது. இதற்கு ஹொரிகோஷி ஒரு வேடிக்கையான வழி கண்டார். எந்த என்ஜினீயரும் கம்பி வடம் நீளாமல் விறைப்பாக இருக்கவேண்டும் என்றுதான் நினைப்பார். இவர் வேண்டுமென்றே அதைத் தளர்வாக்கினார். வேகமாகப் பறக்கும்போது காற்றின் எதிர்ப்பு அதிகம். அப்போது வடம் சற்று நீண்டு கொடுக்கும். விமானி அசைத்ததில் ஒரு பகுதி வடத்திலேயே போய்விடும். வால் அளவாக அசையும். தொல்லை தீர்ந்தது!

மூன்றாவது விமானத்தில் வேறு என்ஜின் வைத்தார்கள். 940 குதிரை சக்தி உள்ள "சக்காயே" என்ஜின். அதைச் செய்தது யார் தெரியுமா? "நடக்காத காரியம்" என்று விலகிய அதே நகாஜிமா கம்பெனிதான்!

வானத்தில் சிதறியது

1940 மார்ச் 11-ந்தேதி. யோகோசுகா கடற்படைத் தளம்.

மசுமி ஒக்குமுரா என்ற சோதனை விமானி, இரண்டாவது விமானத்தை எடுத்துக்கொண்டு மேலே போனார். உயரத்தில் இருந்து தலைகீழாகப் பாயும் சோதனை.

விமானம் பாய்ந்தது. என்ஜின் ஊளையிட்டது. அடுத்த நொடி, விமானம் வானத்திலேயே துண்டு துண்டாகச் சிதறியது!

ஒக்குமுரா வெளியே வந்துவிட்டார். பாராசூட்டும் விரிந்தது. கீழே நின்றவர்கள் பிழைத்துவிட்டார் என்று நினைத்தார்கள். ஆனால் பாதி வழியில் அவர் உடல் பாராசூட்டில் இருந்து விடுபட்டுக் கீழே விழுந்தது.

சிதறிய துண்டுகளைப் பொறுக்கி ஆராய்ந்தார்கள். வாலில் உள்ள அசையும் பலகை துடிக்காமல் இருக்க, அதில் ஒரு சிறிய எடைக்கட்டி இருந்தது. அதைத் தாங்கிய கை, பல நாள் அதிர்வில் தேய்ந்து ஒடிந்து போயிருந்தது. கட்டி போனதும் பலகை துடித்தது. அந்தத் துடிப்பு விமானத்தையே கிழித்துவிட்டது. உடனே அந்தக் கையைப் பலப்படுத்தினார்கள்.

பெயர் வந்த கதை

1940 ஜூலை மாதம் கடற்படை இந்த விமானத்தை ஏற்றுக்கொண்டது. ஜப்பானியரின் பழைய ஆண்டுக் கணக்குப்படி அது 2600-ம் ஆண்டு. கடைசி எண் பூஜ்யம். ஆகவே "பூஜ்ய ரகம்" என்று பெயர். அதுதான் "ஜீரோ".

அந்த ஆண்டு செப்டம்பர் 13-ந்தேதி, சீனாவின் போர்க்காலத் தலைநகரான சுங்கிங் நகருக்கு மேலே ஜீரோ முதல் சண்டை போட்டது. சபுரோ ஷிண்டோ தலைமையில் 13 விமானங்கள் போயின. குண்டு வீசிவிட்டுத் திரும்பிப் போவதுபோல் பாசாங்கு செய்து, சீன விமானங்கள் வெளியே வந்ததும் திரும்பி வந்து தாக்கின. 27 விமானங்களை வீழ்த்தியதாக ஜப்பானியர் சொன்னார்கள். சீனர்களின் கணக்குப்படி விழுந்தவை 13. சண்டைக் கணக்கில் இப்படி இரட்டிப்பது எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் ஜீரோ ஒன்று கூட விழவில்லை என்பது உண்மை. சீன விமானிகள் 10 பேர் அன்று மாண்டார்கள்.

மறுபடியும் ஒரு சாவு

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணி இருந்தபோது, மறுபடியும் இடி விழுந்தது.

1941 ஏப்ரல் 16-ந்தேதி, "காகா" கப்பலைச் சேர்ந்த நிக்கைடோ என்ற விமானி, ஜீரோவில் பாய்ந்து கொண்டிருந்தார். திடீரென்று இறக்கை துடித்தது. இறக்கையின் ஓரத்தில் உள்ள அசையும் பலகைகள் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. எப்படியோ சமாளித்து விமானத்தைப் பத்திரமாக இறக்கிவிட்டார்.

காரணம் என்ன? அதைக் கண்டுபிடிக்க, மறுநாளே மன்பெய் ஷிமோகாவா என்ற அதிகாரி தானே விமானத்தில் ஏறினார். யோகோசுகா படையில் விமானிகளுக்குத் தலைவர் அவர். வேறு ஆளை அனுப்பி இருக்கலாம். அனுப்பவில்லை.

அதே போல் பாய்ந்து பார்த்தார். இறக்கையில் இருந்து துண்டுகள் பறந்தன. விமானம் கடலில் விழுந்தது. ஷிமோகாவா திரும்பவில்லை.

அப்போது டடாஷி மட்சுடைரா என்ற இளம் என்ஜினீயர் ஆராய்ச்சியில் இறங்கினார். விமானங்களில் ஏற்படும் துடிப்பைப் பற்றி ஆராய்வதே கடற்படையில் அவர் வேலை. முன்பு செய்த சோதனை எங்கே தவறியது என்று பார்த்தார்.

முன்பு ஒரு சிறிய மாதிரி விமானம் செய்து, காற்றை வேகமாக ஊதிச் சோதித்திருந்தார்கள். மாதிரியின் உருவம் சரியாக இருந்தது. ஆனால் உண்மையான இறக்கை எவ்வளவு முறுக்கிக் கொடுக்குமோ, அவ்வளவு மாதிரி இறக்கை கொடுக்கவில்லை. மட்சுடைரா அந்த முறுக்கும் சரியாக வருகிற மாதிரியைச் செய்து ஊதிப் பார்த்தார். இறக்கை, எதிர்பார்த்ததை விட மிகவும் குறைந்த வேகத்திலேயே துடித்தது!

எடை குறைய வேண்டும் என்று மெல்லியதாக்கிய தகட்டை, இப்போது கனமாக்கினார்கள். எட்டு மாதத்தில் பெரிய யுத்தம் வந்துவிட்டது.

"கப்பல் எங்கே?"

1941 டிசம்பரில் ஜப்பான் அமெரிக்காவைத் தாக்கியது. ஹவாயில் உள்ள பேர்ல் துறைமுகத்தில் கப்பல்களில் இருந்து ஜீரோக்கள் பறந்தன. அதே நேரத்தில், பிலிப்பைன்சில் உள்ள அமெரிக்க விமானத் தளத்துக்கு மேலேயும் ஜீரோக்கள் தோன்றின.

அமெரிக்கர்கள் திகைத்தார்கள். அருகில் எங்கேயோ விமானந்தாங்கிக் கப்பல் இருக்கிறது என்று எண்ணினார்கள். கப்பலே இல்லை! 800 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த தைவான் தீவில் இருந்து வந்து, சண்டை போட்டுவிட்டு, அவ்வளவு தூரம் திரும்பியும் போய்விட்டார்கள். என்ஜினை மெதுவாக ஓட்டிப் பெட்ரோலை மிச்சப்படுத்த விமானிகள் அதற்கு முன்பே பழகி இருந்தார்கள்.

1942 ஏப்ரல் 5-ந்தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில், கொழும்பு நகரத்து மக்கள் ஜீரோவைப் பார்த்தார்கள். குண்டு வீச வந்த விமானங்களுக்குக் காவலாக 36 ஜீரோக்கள் வந்தன. 9-ந்தேதி திருகோணமலையும் தாக்கப்பட்டது. அந்த நாட்களில் சென்னையில் பீதி பரவியது. அரசாங்க அலுவலகங்களே வெளியூர்களுக்குப் போயின. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ரெயிலேறினார்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் இருக்கலாம்.

ஒரு குண்டு போதும்!

அந்த ஆறு மாதங்களும் ஜீரோவுக்கு இணையாகப் பசிபிக் கடலில் எதுவும் இல்லை. ஆனால், அதன் ரகசியம் ஒரு சதுப்பு நிலத்தில் எதிரிக்காகக் கிடந்தது.

1942 ஜூன் 4-ந்தேதி, அலாஸ்கா பக்கத்தில் உள்ள டச்சுத் துறைமுகத்தை ஜப்பானியர் தாக்கினார்கள். டடயோஷி கோகா என்ற 19 வயது விமானியின் ஜீரோவில் ஒரு குண்டு பட்டு, எண்ணெய்க் குழாய் உடைந்தது. அருகில் இருந்த அகுட்டான் தீவில் பச்சைப் புல்வெளி தெரிந்தது. கோகா சக்கரத்தை இறக்கி, அதில் தரை இறங்கினார். அது புல்வெளி அல்ல. சேறு! சக்கரம் புதைந்தது. விமானம் குப்புறக் கவிழ்ந்தது. கோகா கழுத்து முறிந்து மாண்டார்.

எதிரி நாட்டில் இறங்கிய விமானத்தைச் சுட்டு அழிக்கவேண்டும் என்பது கட்டளை. கூட வந்த இரண்டு தோழர்களும் மேலே வட்டமிட்டார்கள். உள்ளே கோகா உயிரோடு இருந்தால்? சுட அவர்களுக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து ஜூலை 10-ந்தேதி, அமெரிக்க ரோந்து விமானம் ஒன்று அதைக் கண்டது. ஜீரோவைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து, செப்டம்பரில் பறக்கவிட்டார்கள்.

குட்டு வெளிப்பட்டது. மிகுந்த வேகத்தில் போகும்போது ஜீரோ பக்கவாட்டில் எளிதில் உருளாது. வலப்பக்கம் உருள்வது இன்னும் கடினம். சட்டென்று தலைகுனிந்து பாய்ந்தால் என்ஜினுக்குப் பெட்ரோல் போவது தடைப்படும். "ஜீரோ பின்னால் வந்தால் வேகமாகப் பாய்ந்து, வலப்பக்கம் திரும்பித் தப்பி விடு" என்று அமெரிக்க விமானிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த ஜீரோவைப் பார்த்துத்தான் "ஹெல்கேட்" விமானத்தையே அமெரிக்கர் செய்தார்கள் என்று சிலர் எழுதுவது உண்டு. அது சரியல்ல. ஹெல்கேட் அதற்கு முன்பே, ஜூன் மாதத்திலேயே பறந்துவிட்டது.

ஹெல்கேட்டின் என்ஜினுக்கு 2,000 குதிரை சக்தி. அதில் விமானிக்குப் பின்னால் இரும்புத் தகடு இருந்தது. தொட்டிக்கு ரப்பர் உறை இருந்தது. பல குண்டுகள் பட்டும் அது கப்பலுக்குத் திரும்பியது. ஜீரோவின் தொட்டியில் ஒரு குண்டு பட்டால் போதும். தீப்பந்தமாகிவிடும்! சண்டையில் தேர்ந்த பழைய விமானிகள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். அவர்கள் இடத்துக்கு, பயிற்சி போதாத சிறுவர்கள் வந்தார்கள்.

மாடுகள் இளைத்தன

ஜீரோவுக்கு அடுத்து "ரெப்பூ" என்ற புதிய விமானத்தை ஹொரிகோஷி வடிவமைத்தார். ஆனால் நல்ல என்ஜின் கிடைக்கவில்லை. பழைய ஜீரோவையே திருத்தித் திருத்திச் செய்யவேண்டி இருந்தது. ரெப்பூ 1944 மே மாதம்தான் முதலில் பறந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய விமானங்களே தயாராயின.

ஜீரோ மொத்தம் 10,000-க்கு மேல் செய்யப்பட்டது. அதில் பாதிக்கு மேல் செய்தது நகாஜிமா கம்பெனி! தொழிலாளிகள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள்.

இவ்வளவுக்கும் நகோயாவில் விமானம் மாட்டு வண்டியில்தான் போய்க்கொண்டு இருந்தது. தீனிக்குப் பஞ்சம். மாடுகள் இளைத்தன. பிறகு பெர்ச்செரான் என்ற பெரிய ரகக் குதிரைகளைப் பிடித்து வண்டியில் பூட்டினார்கள். 1944 டிசம்பர் 7-ந்தேதி நகோயா பகுதியைப் பூகம்பம் குலுக்கியது. அடுத்த சில நாட்களில் அமெரிக்க விமானங்கள் வந்து தொழிற்சாலைகள் மீது குண்டு மாரி பொழிந்தன.

அதற்குள் ஜீரோவுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். 1944 அக்டோபர் 25-ந்தேதி, பிலிப்பைன்ஸ் கடலில், யுகியோ செகி என்ற 23 வயது அதிகாரியின் தலைமையில் ஐந்து ஜீரோக்கள் புறப்பட்டன. ஒவ்வொன்றிலும் 250 கிலோ குண்டு. திரும்பி வர வேண்டியதில்லை. விமானத்தோடு கப்பல் மீது மோதவேண்டும். "செயின்ட் லோ" என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் அன்று மூழ்கியது. அதன் பிறகு யுத்தம் முடியும் வரை, இப்படி ஏறிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

யுத்தத்துக்குப் பின்

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஜப்பானியர் விமானம் செய்யக் கூடாது என்று அமெரிக்கர் தடை போட்டார்கள். விமான என்ஜினீயர்கள் எல்லாம் வேலை இழந்தார்கள். தடை நீங்கிய பிறகு ஹொரிகோஷி, 'ஒய்.எஸ்.11' என்ற பயணிகள் விமானத்தை உருவாக்குவதில் பங்கு கொண்டார். கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1982-ம் ஆண்டு காலமானார்.

ஷிமோகாவாவின் சாவுக்குக் காரணம் கண்டுபிடித்த மட்சுடைரா, ரெயில்வே ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ரெயில் வேகமாகப் போனால் சக்கரங்கள் தண்டவாளத்தில் இப்படியும் அப்படியும் ஆடித் தடம் புரளும். "தண்டவாளம் சரியில்லை" என்று ரெயில்வேக்காரர்கள் சொல்லி வந்தார்கள். "இல்லை. இதுவும் விமான இறக்கையில் வந்த துடிப்பைப் போன்றதுதான்" என்பது மட்சுடைராவின் கருத்து. சக்கரங்களைத் தாங்கும் சட்டத்துக்குப் புதிய முறையில் ஸ்பிரிங் அமைத்து, அந்த ஆட்டத்தை அடக்கினார்.

1964 அக்டோபர் 1-ந்தேதி, டோக்கியோவில் இருந்து ஒசாகாவுக்குப் புதிய ரெயில் புறப்பட்டது. மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம். வழியில் நகோயாவிலும் நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.